ஆண்கள் வார்டில் ஒரு கல்யாணம்

மாப்பிள்ளை கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். இடது கையில் டிரிப்ஸ் ஊசி. வலது கையில் எச்சில் துப்ப ஒரு எவர்சில்வர் கிண்ணம். ஆஸ்பத்திரி கொடுத்த பச்சை கவுனுக்கு மேல் ஒரு சம்பங்கி மாலை. மாலையின் கனத்தில் கவுன் ஒரு பக்கமாக நழுவிக்கொண்டே இருந்தது. அதை இழுத்து விடுவது வார்டு அட்டெண்டர் தேவராஜுக்கு முழுநேர வேலையாகிவிட்டது.

பாதிரியார், எங்கள் பேச்சில் சாமியார், கழுத்தில் வெள்ளைப் பட்டையும் கையில் புத்தகமுமாக நின்றார். சாட்சிக்கு இரண்டு நர்ஸ்கள். பக்கத்துக் கட்டில் காதர் பாய், ஆம்பூரில் தோல் வாங்கி விற்கிறவர், பித்தப்பைக் கல்லுக்காக வந்து படுத்திருந்தவர், ஆளனுப்பி ஒரு டப்பா ஜிலேபி வரவழைத்துத் தன் மருந்து மேஜையில் வைத்திருந்தார். எப்போதும் டெட்டாலும் மூத்திரமும் நாறுகிற அந்த வார்டு அன்று சாயங்காலம் சம்பங்கியும் நெய்யுமாக மணத்தது.

சாமியார் புத்தகத்தைப் பார்த்துப் படித்தார். "பச்சையம்மாள் ஆகிய நீங்கள், இங்கே இருக்கும் ஆரோக்கியசாமியை உங்கள் கணவராக ஏற்றுக்கொள்ளச் சம்மதிக்கிறீர்களா?"

மணப்பெண்ணுக்கு ஐம்பது தாண்டியிருக்கும். இடுப்பில் சொருகியிருந்த முந்தானையை உருவி முகத்தைத் துடைத்துக்கொண்டார். மாப்பிள்ளையைப் பார்த்தார். சாமியாரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார், கொஞ்சம் அதிக நேரம்.

"யோசிச்சி சொல்றேன்," என்றார்.

ஜிலேபி டப்பாவின் ரப்பர் பேண்டைக் கழற்றப்போன காதர் பாய் கையை எடுத்துக்கொண்டார்.

முட்டி போன கன்னியாஸ்திரி

இந்தத் தொடரை நடுவில் பிடித்தவர்களுக்காக ஒரு வார்த்தை. நான் ஒரு கன்னியாஸ்திரி. நெமிலி பக்கம் பிறந்தவள். ஆம்பூருக்கும் வேலூருக்கும் நடுவே எங்கள் சபை நடத்துகிற ஆஸ்பத்திரியில் பாதி ஆயுசைக் கழித்தவள். முதலில் நர்ஸாக இருந்தேன். இரண்டு முட்டியும் தேய்ந்துபோன பிறகு, "சிஸ்டருக்கு இனிமேல் வார்டு டியூட்டி வேண்டாம், நோயாளிகளின் ஆன்மாவைக் கவனிக்கட்டும்" என்று எங்கள் மதர் முடிவு செய்தார். நர்ஸ் வேலைக்கு முட்டி வேண்டும், சரி. செபம் பண்ணுவதற்கும் முட்டி வேண்டும் என்பது அவருக்குத் தோன்றவே இல்லை.

என் துறைக்கு ஒரு அறை, ஒரு மேஜை, ஒரு மாதா சுரூபம், ஒரு பலகை கொடுத்தார்கள். பலகையில் 'ஆன்ம நல ஆற்றுப்படுத்துதல் துறை' என்று எழுதியிருந்தது. முதல் மாதம் அந்தக் கதவைத் தட்டியவர்களில் பாதிப் பேர் ஸ்கேன் எடுக்க வந்தவர்கள்.

பெங்களூருக்குப் பயிற்சிக்கும் அனுப்பினார்கள். நோயாளிக்குப் புத்திமதி சொல்லாதீர்கள், 'உங்கள் மனசு இப்போது எப்படி இருக்கிறது' என்று மட்டும் கேளுங்கள், கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டிருங்கள் என்று ஒரு ஃபாதர் சொல்லிக்கொடுத்தார். திரும்பி வந்த அன்றே ஒடுகத்தூர் பெரியவர் ஒருவரிடம் கேட்டுப் பார்த்தேன்.

"நேத்துலேர்ந்து வெளிக்கி போவல சிஸ்டர். மனசு எப்டி இருக்கும்?" என்றார்.

வாயை மூடிக்கொண்டு போய் மாத்திரை வாங்கி வந்தேன். என் ஆன்மப் பணியில் மறுநாளே பலன் தெரிந்த ஒரே சம்பவம் அதுதான்.

எங்களிடம் வருகிறவர்களில் கிறிஸ்தவர்கள் கம்மி. தோல் பதனிடுகிற ஷாப்பிலும் ஷூ கம்பெனியிலும் வேலை செய்கிறவர்கள், நிலக்கடலை போடுகிறவர்கள், நாலு மதத்து ஆட்களும் வருவார்கள். எல்லோரும் செபம் கேட்பார்கள். இந்து அம்மாக்கள் நெற்றியில் சிலுவை போடச் சொல்வார்கள், போட்டதும் அதன் மேலேயே விபூதியையும் பூசிக்கொள்வார்கள். பாய்மார்கள் துவா பண்ணச் சொல்வார்கள். வேண்டாம் சிஸ்டர் என்று திரும்பிப் படுப்பவர்கள் எங்கள் கத்தோலிக்கர்கள்தான். அதற்குக் காரணம் இருக்கிறது.

அவஸ்தையும் மூக்குப்பொடியும்

சாகக் கிடக்கிறவருக்கு சாமியார் வந்து நெற்றியில் எண்ணெய் பூசுவது எங்கள் வழக்கம். பழைய ஆட்கள் அதற்கு 'அவஸ்தை பூசுதல்' என்று பெயர் வைத்திருந்தார்கள். இப்போது அந்தப் பெயரை மாற்றி, இது எந்த நோயாளிக்கும் பூசலாம், பயப்பட வேண்டியதில்லை என்று மேலிடத்தில் சொல்லிவிட்டார்கள். மேலிடம் சொல்லி என்ன ஆகிறது? சாமியார் வார்டுக்குள் தலையைக் காட்டினால் கால் முறிந்து படுத்திருப்பவன்கூட போர்வையை இழுத்து மூடிக்கொள்கிறான்.

நான் நர்ஸாகச் சேர்ந்த புதிதில் ஒரு பெரிய சாமியார் இருந்தார். யாரும் பயப்படக் கூடாது என்று எண்ணெயை ஒரு சின்ன டப்பாவில் ஊற்றிப் பஞ்சு வைத்து அங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டு, சும்மா பேச வந்தவர் மாதிரி வருவார். சிக்கல் என்னவென்றால் அவருக்கு மூக்குப்பொடி பழக்கமும் இருந்தது. பொடி டப்பாவும் அதே பையில், ஏறக்குறைய அதே அளவில்.

ஒரு நாள் வாணியம்பாடிக்காரர் ஒருவர், மூச்சு அடங்கிக்கொண்டு வருகிறது, மகள்கள் கட்டிலைச் சுற்றி நின்று அழுகிறார்கள். பெரிய சாமியார் கண்ணை மூடி, டப்பாவைத் திறந்து, கட்டை விரலால் தொட்டு நெற்றியில் சிலுவை வரைந்தார். பொடி மூக்கு வழியாக இறங்கியது. சாகக் கிடந்தவர் ஒரு தும்மல் தும்மினார். அப்புறம் இன்னொன்று. மூன்றாவதில் எழுந்து உட்கார்ந்துவிட்டார். அதற்குப் பிறகு பல வருஷம் இருந்து, பேரப்பிள்ளைகளுக்குக் கல்யாணமெல்லாம் செய்துவைத்தார். பெரிய சாமியாரின் கைராசி பேர்ணாம்பட்டு வரை பரவி, அவஸ்தை வேண்டுமென்று ஆட்டோவில் ஆள் வந்து இறங்கிய கதையை இன்னொரு நாள் சொல்கிறேன்.

ஆகவே, ஒரு கத்தோலிக்கர் தானாகவே என்னைக் கூப்பிட்டு "ஃபாதர வரச் சொல்லுங்க" என்றபோது எனக்கே ஆச்சரியமாகத்தான் இருந்தது.

ஒரு ஆமென்

ஊரே முகக்கவசத்தைக் கழற்றிப்போட்டு நிம்மதியாக இருமத் தொடங்கியிருந்த சமயம் அது. ஆரோக்கியசாமி ராணிப்பேட்டையில் ஒரு தோல் ஷாப்பில், தோலை ஊறவைத்துச் சுழற்றுகிற டிரம் ஓட்டுகிறவர். பெயரைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது. தொண்டையில் புற்று. மறுநாள் காலையில் குரல்வளையை எடுத்துவிடுவது என்று டாக்டரம்மா முடிவு செய்திருந்தார். உயிர் பிழைக்க நல்ல வாய்ப்பு உண்டு, குரல் பிழைக்க வழியே இல்லை என்று அவரிடமே சொல்லியாகிவிட்டது.

அவருடைய நகக்கண்ணெல்லாம் நீலமாக இருந்தது. குரோமில் ஊறின தோலைத் தூக்கித் தூக்கி ஏறின நீலம், எந்த சோப்புக்கும் போகாது. அந்த விரலால் தொண்டையைத் தொட்டுக் காட்டி, கரகரவென்று சொன்னார்.

"இன்னிக்கி சாயங்காலம் நான் நன்மை வாங்கணும் சிஸ்டர்."

கோயிலில் பூசையின்போது சாமியார் நாக்கில் வைக்கிற அப்பத்தைத்தான் நாங்கள் நன்மை என்போம். ஆபரேஷனுக்குப் பிறகும் விழுங்கலாம், அதனால் அவசரமில்லை என்றேன்.

"முழுங்கலாம் சிஸ்டர். ஆமென்னு சொல்லணுமே," என்றார்.

சாமியார் அப்பத்தை உயர்த்தி 'கிறிஸ்துவின் உடல்' என்பார். வாங்குகிறவர் 'ஆமென்' என்று சொல்லிவிட்டு நாக்கை நீட்ட வேண்டும். அவ்வளவுதான் சடங்கு. அந்த ஒரு வார்த்தையைத் தன் சொந்தக் குரலில் ஒரு தடவை சொல்லிவிட வேண்டும் என்பது ஆரோக்கியசாமியின் ஆசை. அவர் அதைச் சொல்லி முப்பது வருஷம் இருக்கும்.

காரணம் பச்சையம்மா. ஷூ கம்பெனியில் தையல் மெஷினில் உட்காருகிறவர். ஒடுகத்தூர் பக்கத்து இந்துக் குடும்பம். இரண்டு பேருக்கும் ஒரே கம்பெனி பஸ், அதில் ஆரம்பித்த கதை. அப்போதைய பங்குச் சாமியார், பெண் ஞானஸ்நானம் வாங்கினால்தான் கோயிலில் கல்யாணம் என்று பிடிவாதமாக இருந்தார். பச்சையம்மா அவரைவிடப் பிடிவாதம். கடைசியில் பெண்ணின் ஊர் அம்மன் கோயிலில் வைத்துத் தாலி கட்டிவிட்டார்கள். திருச்சபைச் சட்டப்படி அது கல்யாணமில்லை. கல்யாணமில்லாமல் குடித்தனம் நடத்துகிறவருக்கு நன்மை கிடையாது.

ஆனால் ஆரோக்கியசாமி ஒரு ஞாயிறுகூடப் பூசைக்குப் போகாமல் இருந்ததில்லை. பின் கதவோரம் நிற்பார். எல்லோரும் நன்மை வாங்க வரிசையாக நகரும்போது வெளியே போய் ஒரு பீடி பிடித்துவிட்டு, முடிவு ஆசீர்வாதத்துக்கு உள்ளே வந்துவிடுவார்.

எங்கள் ஆஸ்பத்திரிச் சாமியார் ஃபாதர் சவரி இளவயசுக்காரர். ரோமாபுரி வரை போய்த் திருச்சபைச் சட்டம் படித்தவர். விஷயத்தைச் சொன்னேன். "சுலபம் சிஸ்டர்," என்றார். "அந்தம்மா மதம் மாற வேணாம். ஆயர்கிட்ட அனுமதி வாங்கிட்டு இப்பவே கல்யாணம் செஞ்சி வச்சா போதும். முடிஞ்சதும் பாவசங்கீர்த்தனம், அதுக்கப்புறம் நன்மை." உடனே ஆயருக்கு, அதாவது எங்கள் பிஷப்புக்கு, போன் போட்டு அனுமதியும் வாங்கிவிட்டார்.

வார்டு முழுக்கக் கல்யாணக் களை வந்துவிட்டது. தேவராஜ் மாலைக்கு ஓடினார். நர்ஸ்கள் சாட்சி யார் என்று சண்டை போட்டுக்கொண்டார்கள். மதர் வந்து, வார்டில் ஊதுவத்தி கொளுத்தக் கூடாது என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். மாப்பிள்ளையைக் கேட்டோம், ஆயரைக் கேட்டோம், டாக்டரம்மாவைக் கேட்டோம். பச்சையம்மா மாற்றுத்துணி எடுத்துவர ராணிப்பேட்டை போயிருந்தார். அவரைக் கேட்க வேண்டும் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. திரும்பி வந்து பையைக் கீழே வைத்தபோது, அவருடைய புருஷன் கழுத்தில் மாலையோடு உட்கார்ந்திருந்தார்.

பொண்ணு என்ன சொல்லுது?

"யோசிக்க இன்னாம்மா இருக்குது?" என்று தேவராஜ்தான் முதலில் கேட்டார்.

பச்சையம்மா அவரை ஒரு பொருட்டாக மதிக்கவில்லை. ஃபாதர் சவரியைப் பார்த்துத்தான் பேசினார். குரலை உயர்த்தவில்லை.

"ஃபாதரு, இப்ப நான் சம்மதம்னு சொன்னா இன்னிக்கிதான் எனக்குக் கல்யாணம்னு அர்த்தம். அப்ப இத்தினி வருசமா நான் இந்தாளுக்கு யாரு?"

ஃபாதர் சவரி புத்தகத்தைப் பார்த்தார். அதில் அந்தக் கேள்வி இல்லை.

"எங்கண்ணன் கட்டைய தூக்கினு தொரத்தினு வர்றான். பூசாரி கைகால் நடுங்கினு மந்திரத்த பாதியில உட்டுட்டாரு. இவரு நடுங்காம கட்னாரு. அது கல்யாணம் இல்லன்னா எங்க ரெண்டு புள்ளைங்க இன்னா? நீங்களே சொல்லுங்க."

நான் பெங்களூர் பயிற்சியை நம்பி அவர் கையைப் பிடித்து, "உங்க மனசு எனக்குப் புரியுதும்மா," என்றேன்.

"புரிஞ்சா ஏன் சிஸ்டர் என்ன ஒரு வார்த்த கேக்கல?"

கையை விட்டுவிட்டேன்.

காதர் பாய் தன் கட்டிலில் இருந்தபடியே நியாயம் பேசினார். "எங்க நிக்காஹ்ல மொதல்ல பொண்ணுகிட்டதான் போய் கேப்பாங்க ஃபாதர். அது சரின்னாதான் மத்ததெல்லாம். ஜபர்தஸ்தி பண்ணி வாங்கற சம்மதம் இன்னாத்துக்கு? தங்கச்சி சொல்றது கரெக்ட்." சொல்லிவிட்டு ஜிலேபி டப்பாவை மேஜைக்குள் தள்ளினார்.

 மாப்பிள்ளை மாலையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். ஏழு மணிக்கு மேல் வாயில் ஒன்றும் கொடுக்கக் கூடாது என்று எழுதின அட்டையை நர்ஸ் அவர் கட்டிலில் மாட்டக் கொண்டுவந்தாள். நான் அவளை ஒரு முறை முறைத்தேன். அட்டையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

பச்சையம்மாவுக்கு இன்னும் கோபம் மிச்சமிருந்தது. "டாக்டரம்மா பீடி பீடின்னு இவர திட்றாங்க. அந்தப் பீடி எங்க புடிச்சாருன்னு கேளுங்க. உங்க கோயில் வாசல்ல. வாரா வாரம். உள்ள உட்டிருந்தீங்கன்னா அந்த பீடியாவது கம்மியாயிருக்கும்."

மற்ற ஆறு நாளும் கம்பெனியில் பிடித்த பீடியை அவர் இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. ஆனாலும் எனக்குச் சுருக்கென்றது. எங்கள் கோயில்களின் பின் கதவோரம் நிற்கிறவர்களை நான் பல வருஷமாகப் பார்த்திருக்கிறேன். இவர்கள் ஏன் உள்ளே வந்து உட்காராமல் சோம்பேறித்தனம் பண்ணுகிறார்கள் என்றுதான் நினைத்திருக்கிறேன்.

தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே

ஃபாதர் சவரி புத்தகத்தை மூடி என்னைத் தாழ்வாரத்துக்கு அழைத்துப்போனார். காதெல்லாம் சிவந்திருந்தது.

"சிஸ்டர், வேரிலேயே குணமாக்குறதுன்னு ஒரு சட்டம் இருக்கு," என்றார். "பழைய கல்யாணத்த, அது நடந்த நாள்லேர்ந்தே கல்யாணம்தான்னு திருச்சபை ஏத்துக்கும். புதுசா கேள்வி கெடையாது, பதில் கெடையாது. ரெண்டு பேருக்கும் இன்னிக்கும் சேர்ந்து வாழ மனசு இருந்தா போதும். ஆயர் குடுக்கலாம்."

எனக்கு வந்ததே கோபம். "இவ்ளோ நல்ல சட்டத்த வச்சிக்கிட்டு காலையிலேர்ந்து ஏன் ஃபாதர் மாலை, சாட்சின்னு அலைய விட்டீங்க?"

"பரீட்சைக்குப் படிச்சதோட சரி சிஸ்டர்," என்றார் பாவமாக.

திரும்ப உள்ளே போய்ப் பச்சையம்மாவைக் கேட்டார். "அம்மா, ஒரே ஒரு விஷயம். இவர இன்னிக்கும் உங்க புருஷனாதான் நெனைக்கறீங்களா?"

பச்சையம்மா அந்த எச்சில் கிண்ணத்தை எடுத்து அவர் முகத்துக்கு நேரே காட்டினார். "பின்ன இத யாரு கழுவறதுன்னு நெனச்சீங்க?"

சட்டத்துக்கு அது போதுமாம்.

எங்கள் ஆஸ்பத்திரியில் போன் சிக்னல் ஒழுங்காகக் கிடைக்கிற இடம் பின்பக்கம் தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே. ஃபாதர் சவரி அங்கே போய் நின்றார். நான் தேய்ந்த முட்டியோடு பின்னாலேயே போனேன். ஆயர் ஏதோ கிராமத்தில் பிள்ளைகளுக்கு உறுதிபூசுதல் சடங்கு நடத்திக்கொண்டிருந்தார். போனை எடுத்த செயலாளர், ஆயர் பீடத்தில் இருக்கிறார், நாளைக்குப் பேசுங்கள் என்றார். நாளைக்கு என்றால் எங்களுக்குப் பிரயோஜனமில்லை.

அதுவரை நான் ஃபாதர் சவரி சத்தமாகப் பேசிக் கேட்டதில்லை. அன்றைக்குத் தொட்டிக்குக் கீழே கத்தினார். "இங்க ஒருத்தர் ஒரே ஒரு ஆமென் சொல்றதுக்குக் காத்துக்கிட்டிருக்காரு. நாளைக்கி அவருக்குத் தொண்டை கெடையாது. போய் ஆயர் காதுல சொல்லுங்க."

போனை வைக்காமல் நின்றோம். பக்கத்தில் இட்லிக்கு ஊறப்போட்ட அரிசியைச் சமையற்கட்டில் அரைக்கிற சத்தம். பாலாற்றுப் பக்கமிருந்து சுண்ணாம்பும் தோலும் கலந்த வாடை வந்தது. வெளியூர் நர்ஸ்கள் அந்த வாடைக்கு மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். எனக்கு அது சாயங்காலம் ஆகிவிட்டது என்பதற்கு அடையாளம். அப்போது நான் செபம் செய்தேனா என்று கேட்டால், இல்லை. செயலாளரைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

கடைசியில் ஆயரே பேசினார். பின்னால் பிள்ளைகள் பாடுகிற சத்தம் கேட்டது. மூன்று கேள்வி கேட்டார், சரி என்றார், காகிதத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார். எங்கள் ஆயரைப் பற்றி இந்தத் தொடரில் முன்பு நான் எழுதியதில் பாதியை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

ஃபாதர் சவரி மூச்சு வாங்க வார்டுக்குத் திரும்பினார். "அம்மா, நீங்க அம்மன் கோயில்ல கட்டிக்கிட்ட தாலி அன்னிலேர்ந்தே செல்லும்னு ஆயர் சொல்லிட்டாரு."

"அவரு சொல்றதுக்கு முன்னாடியும் செல்லும்," என்றார் பச்சையம்மா. பிறகு குரல் கொஞ்சம் இறங்கியது. "சரி, சொல்லிட்டாரே. நல்ல மனுசன்."

அடுத்தது பாவசங்கீர்த்தனம். கரகரத்த குரலில் முப்பது வருஷத்துப் பாவத்தைச் சொல்ல வேண்டும், நடுவில் ஒரு துணித் திரை மட்டும். வார்டு மொத்தமும் காதைத் தீட்டிக்கொண்டது. காதர் பாய் மரியாதை தெரிந்தவர். தன் செல்போனில் கிரிக்கெட் மேட்ச்சைப் போட்டு சத்தத்தை முழுசாக வைத்தார். இடையிடையே யாரோ சிக்ஸர் அடித்தார்கள்.

அட்டை மாட்டுவதற்குக் கொஞ்ச நேரம் இருக்கும்போது ஃபாதர் சவரி அப்பத்தில் ஒரு சின்னத் துண்டைக் கிள்ளி உயர்த்தினார். "கிறிஸ்துவின் உடல்."

"ஆமென்," என்றார் ஆரோக்கியசாமி.

அந்தக் கெட்டுப்போன தொண்டைக்குள் அவ்வளவு சத்தம் எங்கே இருந்ததோ. கடைசிக் கட்டில் வரைக்கும் கேட்டது. பச்சையம்மா ஒரு ஸ்பூன் தண்ணீர் விட, விழுங்கினார். எனக்கு அழுகை வந்தது, அழுதேன். ஜலதோஷம் என்று சமாளிக்கிற வயசெல்லாம் எனக்குத் தாண்டிவிட்டது. காதர் பாய் ஜிலேபியை எடுத்துக் கட்டில் கட்டிலாகக் கொடுத்தனுப்பினார். சர்க்கரை நோயாளிகளுக்கும் போனது என்பது மறுநாள்தான் தெரிந்தது.

எல்லாம் முடிந்தது என்று நான் கிளம்பும்போது பச்சையம்மா கேட்டார். "அப்ப சம்மதமான்னு என்ன ஒரு கேள்வி கேட்டீங்களே ஃபாதரு, அது?"

"அது இனிமே தேவையில்லம்மா."

"எனக்கு தேவ," என்றார் கட்டிலிலிருந்து ஆரோக்கியசாமி.

தியேட்டர் வாசலில்

மறுநாள் காலை தள்ளுவண்டியில் படுக்கவைத்துக் கொண்டுபோனார்கள். தலையில் காகிதத் தொப்பி. ஆபரேஷன் தியேட்டர் கதவுக்கு முன்னால் வண்டி நின்றது. அங்கே கடைசியாக ஒரு செபம் சொல்லுவது என் வேலை. நான் வாயைத் திறப்பதற்குள் அவர் மனைவியின் கையைப் பிடித்தார்.

"பச்ச. ஃபாதர் கேக்க வேணாம். நானே கேக்கறேன். சம்மதமா?"

பச்சையம்மா அவருடைய தொப்பியைச் சரிசெய்தார். காதுக்குள் போன எலாஸ்டிக்கை எடுத்து விட்டார்.

"ஆபரேஷன் முடிச்சிட்டு வந்து கேளு," என்றார்.

கதவு மூடிக்கொண்டது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆன்மப் பணி, பெங்களூர் எல்லாம் பறந்துபோய்விட்டது.

"அவர் இனிமே எதுலம்மா கேப்பாரு? குரலே இருக்காதுன்னு டாக்டர் சொன்னது உங்களுக்குத் தெரியுமா தெரியாதா? ஒரு வார்த்த சொல்லி அனுப்பியிருக்கக் கூடாதா?"

பச்சையம்மா பெஞ்சில் உட்கார்ந்தார். 

"தெரியும் சிஸ்டர். நேத்து ஆமென் சொல்லியாச்சி. இன்னிக்கி நானும் சொல்லிட்டா நிம்மதியா போய்டுவாரு. நிம்மதியா போவ உடக்கூடாது."

ஒருத்தரை நிம்மதியாக அனுப்பிவைப்பதுதான் எங்கள் துறையின் வேலை என்று நான் அதுவரை நினைத்திருந்தேன். அதற்காகத்தான் எண்ணெய், அதற்காகத்தான் செபம், அதற்காகத்தான் அந்தப் பலகை. இந்த அம்மா அதே ஆளை நிம்மதியில்லாமல் அனுப்பியிருக்கிறார். நானும் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். கதவு திறக்கிற வரைக்கும் இரண்டு பேரும் அந்தப் பெஞ்சை விட்டு எழுந்திருக்கவில்லை.

ஆரோக்கியசாமி வந்தார். கழுத்தில் ஒரு துவாரம், அதன் வழியாக மூச்சு. மயக்கம் தெளிந்ததும் பேச வாயைத் திறந்தார், காற்று மட்டும் வந்தது. அப்புறம் மனைவியைப் பார்த்து இரண்டு புருவத்தையும் தூக்கினார்.

"இன்னா? வாய தொறந்து கேளு," என்றார் பச்சையம்மா.

நர்ஸ்களுக்கு அந்த அம்மாவைச் சுத்தமாகப் பிடிக்காமல் போனது அன்றிலிருந்துதான். எழுதிக் காட்ட ஒரு சிலேட்டு கொடுத்தோம். அவர் எழுதி நீட்டினால், "கண்ணாடி கொண்டாரல," என்று பச்சையம்மா திரும்பிக்கொள்வார். அந்தம்மா கண்ணாடி போட்டு நான் பார்த்ததே இல்லை. ஆரோக்கியசாமி கோபத்தில் கட்டிலைத் தட்டுவார். கோபத்தில் எழுந்து நடந்தார். கோபத்தில் கஞ்சி குடித்தார். அதே ஆபரேஷன் செய்துகொண்டு சாந்தமாகப் படுத்திருந்த ஆட்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் எழுந்திருக்க ரொம்ப நாள் ஆகும்.

பேசும் மெஷின்

மழைக்காலம் முடிந்து வெயில் ஆரம்பித்திருந்தது. பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண், டார்ச் லைட் அளவில் ஒரு மெஷினை ஆரோக்கியசாமிக்கு வரவழைத்துக் கொடுத்தாள். தாடைக்குக் கீழே வைத்துப் பட்டனை அழுத்திக்கொண்டு வாயை அசைத்தால் சத்தம் வரும். மாவு மில்லுக்குள்ளிருந்து யாரோ பேசுவது மாதிரி இருக்கும், ஆனால் வார்த்தை புரியும். வீட்டில் பழகிக்கொண்டு வரச் சொல்லியிருந்தாள். அவர் வீட்டில் அதைத் தொடவேயில்லை என்று பச்சையம்மா வந்து புகார் சொன்னார்.

அன்றைக்கு வெளிநோயாளிகள் பிரிவில் நிற்க இடமில்லை. டோக்கன் கூப்பிடுகிற சத்தம், குழந்தைகள் அழுகிற சத்தம். இரண்டு பேரும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். நான் அவர்களைப் பார்த்துவிட்டுப் பேசப் போனேன். ஆரோக்கியசாமி எனக்குக் கும்பிடு போட்டார். சட்டைப் பையிலிருந்து மெஷினை எடுத்தார். நீல நகத்தோடு ஒரு விரல் பட்டனைத் தேடிக் கண்டுபிடித்தது. தாடைக்குக் கீழே வைத்தார்.

"பச்ச," என்று அந்த மெஷின் சொன்னது. "சம்மதமா?"

டோக்கன் கூப்பிடுகிறவன் நிறுத்திவிட்டான். பக்கத்திலிருந்த குழந்தை அழுகையை விட்டுவிட்டுப் பார்த்தது. வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் திரும்பினார்கள்.

பச்சையம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்து நான் கையைப் பிடிக்கப் போனேன். சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணில் தண்ணீர் கொட்ட, மூச்சுவிட முடியாமல் சிரித்துக்கொண்டிருந்தார்.

"சம்மதம்யா," என்றார். "சம்மதம். ஊருக்கே கேக்குது, அத ஆஃப் பண்ணு."

ஆரோக்கியசாமி ஆஃப் பண்ணவில்லை. மறுபடியும் தாடைக்குக் கீழே வைத்து அழுத்தினார்.

"ஆமென்," என்றார்.